மாஸ்டரிட்ட கேளுங்க: வீட்டில ஒரு டிஜிட்டல் பியானோ

போன இதழில ஓகன் (எலக்ட்ரோனிக் கீபோட்) வகுப்புக்குப் பிள்ளைகள அனுப்புறதப் பத்தி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதேக்க, போறபோக்கில "காசிருந்தா டிஜிட்டல் பியானோ வாங்குங்க" எண்டு ஒரு வரி போட்டன். அந்த ஒத்த வரியப் புடிச்சிக்கொண்டு எங்கட கிழக்குக் கரையில வாழைச்சேனையில இருந்து திருக்கோவில் மட்டும் கேள்வி வந்து குவிஞ்சிட்டுது. கடிதம், வாட்ஸ்அப் வொய்ஸ், கல்லடிப் பாலத்தில சைக்கிள மறிச்சிக் கேட்டவங்களும் இருக்காங்க. அதால இந்த முறை மிருதங்கக்காரரும் வயலின்காரரும் கொஞ்சம் பொறுத்துக்கங்க, முழுக்க இதுதான்.

கேள்வி: மாஸ்டர், மகளுக்கு 9 வயசு. ரெண்டு வருசமா 61 கீ ஓகன்ல பழகுறா. இப்ப டீச்சர் பியானோ வாங்கச் சொல்றா. கடையில போய்ப் பாத்தா ஓகன்ல 400 சத்தம், ரிதம் எல்லாம் இருக்கு, பியானோவில 10 சத்தம்தான், விலை மட்டும் ரெண்டு மூணு மடங்கு. இது ஏமாத்து வேலை எண்டு இவர் சொல்றார். உண்மையா? — ஒரு தாய், ஆரையம்பதி

உங்கட வீட்டுக்காரர் கேக்கிறதில பிழையில்ல தங்கச்சி. கடையில ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வெச்சா ஓகன்தான் பெரிய சாமானாத் தெரியும், திரை மின்னும், தபேலா அடிக்கும், புல்லாங்குழல் ஊதும், பைலாவுக்கு ரிதம் போடும். பியானோ ஒண்டுமில்லாத கறுப்புப் பெட்டியாக் கிடக்கும். 2015ல வந்த யமஹா பி-45ஐப் பாருங்க, மொத்தமே 10 சத்தம், திரையும் இல்ல, மேல ரெண்டு பட்டனும் ஒரு வொலியூமும்தான். அப்ப குடுக்கிற காசு எங்க போகுது எண்டா கீக்குள்ள போகுது.

ஓகன் கீக்குக் கீழ இருக்கிறது ஒரு ஸ்பிரிங். அமத்தினா போகும், விட்டாத் துள்ளி வரும், விரலுக்கு வேலையே இல்ல. டிஜிட்டல் பியானோவில ஒவ்வொரு கீயோடயும் சுத்தியல் மாதிரி ஒரு பாரம் பூட்டியிருக்கு, நீங்க கீய அமத்தேக்க அந்தப் பாரத்தத்தான் தூக்குறீங்க. இடப்பக்கம் பாரம் கூட, வலப்பக்கம் போகப்போகக் குறையும், ஏனெண்டா மரப் பியானோவில தடிச்ச கம்பிய அடிக்கிற சுத்தியல் பெரிசு, மெல்லிய கம்பிக்குச் சின்னன், அதையே இதிலயும் செஞ்சி வெச்சிருக்கான். ரெண்டு வருசம் ஸ்பிரிங்கில பழகின பிள்ளைய ஒரு நாளைக்கு உண்மையான பியானோவுக்கு முன்னால இருத்தினா என்ன நடக்கும் எண்டா, பாட்டு எல்லாம் பாடம், ஆனா பாதிச் சுரம் சத்தமே வராது, மோதிர விரலும் சின்ன விரலும் கீயக் கீழ கொண்டு போகவே மாட்டுது. பிள்ளைக்கு அழுகை வரும். டீச்சர் இதக் கண்டுதான் சொல்லியிருப்பா.

அதுக்காக உடன கடன்பட்டு வாங்குங்க எண்டு நான் சொல்ல மாட்டன். 2022ல டொலர் ஏறின புறகு இந்தச் சாமானெல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போயிட்டுது, அது எனக்கும் தெரியும். பிள்ளைக்கு சேர்ச்சில பாட்டுக்கு வாசிக்கிறது, பேண்ட்ல ரிதம் போட்டு வாசிக்கிறதுதான் விருப்பம் எண்டா ஓகனே சரியான சாமான், அத விட்டுட்டுப் பியானோ வாங்கினா பிள்ளை ஏமாந்து போகும். புத்தகம் பாத்து ரெண்டு கையாலயும் பியானோ பாடம் வாசிக்கிற பிள்ளை எண்டாத்தான் மாத்துங்க. மாத்தேக்க 88 கீ, பாரமான கீ, பெடல், இந்த மூணும் இருக்கா எண்டு மட்டும் பாருங்க. இத்தனை சத்தம், அத்தனை ரிதம் எண்டு கடைக்காரத் தம்பி கதைச்சா ஓம் ஓம் எண்டு கேட்டுட்டு விடுங்க. கீக்குத்தான் காசு, பட்டனுக்கில்ல.

கேள்வி: எங்கட வீடு சின்னன், 88 கீ வெச்சா நடக்க இடமிருக்காது. 61 கீயில பாரமான கீ வருதாமே, காணுமா? — ஏறாவூர்

வீட்ட அளந்தீங்களா, சும்மா சொல்றீங்களா? 88 கீ எண்டாலும் நீளம் 130 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆழத்திலதான் வித்தியாசம், பி-45 ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 வெறும் 23 சென்டிமீட்டர், சுவரோட ஒட்டி நிக்கும். தையல் மெசின் வெச்ச இடம் காணும். 61ல நிண்டா ரெண்டு மூணு வருசத்தில திரும்பக் கடைக்குப் போக வேண்டி வரும்.

கேள்வி: சேர், ஒரு ஆள் வெளிநாடு போறார், டிஜிட்டல் பியானோவ விக்கப் போறாராம். அஞ்சு வருசம் பாவிச்சது. பாத்து வாங்கத் தெரியல்ல, போட்டோவில பளபளப்பா இருக்கு. என்னத்தப் பாக்க வேணும்? — வாழைச்சேனை

போட்டோவ நம்பாதீங்க, துடைச்சிட்டு எடுத்தா எல்லாம் பளபளக்கும். நேர போங்க, போகேக்க உங்கட சொந்த ஹெட்செட் ஒண்டக் கொண்டு போங்க. சிலதுக்குப் பெரிய பின், சிலதுக்குப் போன் மாதிரி சின்னப் பின், அதால மாத்துற பின் ஒண்டையும் பொக்கெட்டுக்குள்ள போடுங்க.

முதல்ல ஹெட்செட்டப் போட்டுட்டு இடப்பக்கக் கடைசியில இருந்து வலப்பக்கக் கடைசி மட்டும் 88 கீயையும் ஒண்டொண்டா, மெதுவா, ஒரே அளவா அமத்திக்கொண்டு போங்க. பாட்டு வாசிச்சுப் பாக்க வேணாம், பாட்டு வாசிச்சா பழுது ஒளிஞ்சிரும். மெதுவா அமத்தேக்க ஒரு கீ மட்டும் திடீரெண்டு கத்திச்சா, அல்லது சத்தமே வராம விட்டிச்சா, அந்தக் கீய நினைவில வெச்சுக்கங்க. மறுகா கண்ணக் கீ மட்டத்துக்குக் கொண்டு போய்ப் பக்கவாட்டில பாருங்க, ஒண்டு ரெண்டு கீ மத்ததவிடப் பள்ளமா இருக்கா? நடுவில இருக்கிற கீகள விரலால இடம் வலமா ஆட்டிப் பாருங்க, கொஞ்சம் ஆடும், அது இயல்பு, டக் டக் எண்டு அடிச்சா உள்ளுக்குத் தேய்மானம். கீழ போய் முட்டேக்க சில கீ மட்டும் கட்டையில தட்டின மாதிரிச் சத்தம் போட்டா உள்ளுக்கு இருக்கிற ஃபெல்ட் (மெத்தைத் துணி) அமந்து போச்சு எண்டு அர்த்தம்.

இது எல்லா ஊருக்கும் பொதுவான விசயம். எங்கட பக்கத்துக்கு எண்டு ரெண்டு இருக்கு. பியானோவ மெதுவாக் கவிழ்த்து, கீழ இருக்கிற ஸ்குரூத் தலைகளப் பாருங்க, துரு ஏறியிருந்தா அது கடற்கரை யன்னலோரம் நிண்ட சாமான், உள்ளுக்கும் உப்பு போயிருக்கும். ரெண்டாவது, மர ஸ்டாண்ட் இருந்தா அதுட காலடியத் தடவிப் பாருங்க. அமுக்குப் பலகையில செஞ்சதுதான் அதெல்லாம், மாரி வெள்ளத்தில நிண்டிருந்தா அடி ஊதி வெடிச்சிருக்கும், மேல பெயிண்ட் அடிச்சாலும் கைக்குத் தெரியும். வெள்ளம் கண்ட ஸ்டாண்ட் எண்டா அதுக்கு மேல இருந்தது எங்க இருந்தது எண்டு கேளுங்க. ஆள் முழுசினா வந்த வழியே திரும்புங்க.

ஒரிஜினல் அடப்டர் இருக்கா எண்டு கேக்க மறக்காதீங்க. அதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்கிறன் எண்டா கீழ ஒரு கேள்வி இருக்கு.

கேள்வி: நாங்க கல்லடிக் கடற்கரைப் பக்கம். பியானோ வாங்கி மூணு வருசம். இப்ப நடுவில ரெண்டு மூணு கீ, மெதுவாத் தொட்டாலும் பெரிய சத்தம் போடுது. மகன் கோவிச்சு அடிச்சு உடைச்சிட்டானோ எண்டு அவனோட சண்டை. — ஒரு தகப்பன், கல்லடி

மகன விடுங்க, அவன் ஒண்டும் செய்யல்ல.

கீ எப்படிச் சத்தத்த அறியுது எண்டு விளங்கினா நோய் எது எண்டு விளங்கும். நீங்க எவ்வளவு பலமா அமத்துறீங்க எண்டு பியானோவுக்குத் தெரியாது, எவ்வளவு வேகமா அமத்துறீங்க எண்டுதான் தெரியும். ஒவ்வொரு கீக்கும் ரப்பர்ல செஞ்ச ரெண்டு சின்ன தொடுபுள்ளி இருக்கு, சிலதில மூணு. கீ கீழ போகேக்க முதல் புள்ளி தொடும், கொஞ்சம் பிந்தி ரெண்டாவது தொடும். ரெண்டுக்கும் இடையில போன நேரம் கூட எண்டா மெல்லிய சத்தம், குறைவு எண்டா பெரிய சத்தம். இப்ப முதல் புள்ளியில தூசோ உப்போ படிஞ்சிட்டுது எண்டு வைங்க, அது பிந்தித் தொடும், அதுக்குள்ள ரெண்டாவது வந்திரும். பியானோ என்ன நினைக்கும்? ஆள் மின்னல் வேகத்தில அடிச்சிட்டான் எண்டு நினைச்சு முழுச் சத்தத்தையும் போட்டிரும். ரெண்டாவது புள்ளி பழுதெண்டா சத்தமே வராது.

இது சுத்தம் செஞ்சாச் சரி வரும். கழட்டி, அந்த ரப்பர் பட்டியையும் கீழ இருக்கிற கறுப்புப் புள்ளிகளையும் ஐசோப்புரொப்பைல் அல்ககோலால மெதுவாத் துடைக்க வேணும். ஆனா 88 கீயையும் கழட்டிப் பூட்டுற வேலை, சில மொடல்ல கீய எடுக்கவே அரை நாள் போகும், ரப்பரத் திருப்பிப் பூட்டேக்க ஒரு மூலை மடிஞ்சிட்டா இன்னொரு பழுது. அதால கை பழகின ஆளிட்டக் குடுங்க. யூடியூப் பாத்து நீங்களே திறக்கிறதெண்டா ஒவ்வொரு படியையும் போன்ல போட்டோ எடுத்துக்கொண்டு திறங்க. கீ இடுக்குக்குள்ள டபிள்யூடி-40 மட்டும் அடிச்சிராதீங்க, அது எண்ணெய், தூசிய இழுத்துப் புடிக்கும்.

இனி வராமப் பாத்துக்கொள்ளுறதுக்கு: கடல் பாத்த யன்னலுக்கு நேர வைக்காதீங்க, உள்சுவரோரம் வைங்க. வாசிச்சு முடிய ஒரு பருத்தித் துணியால மூடுங்க. பிளாஸ்டிக் சீட் வேணாம், மார்கழி ஈரத்தில அதுக்குள்ள வேர்த்து இன்னும் கெடுதி. கீயத் துடைக்கிறது தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியாலதான், டெட்டோல், தின்னர், கண்ணாடி துடைக்கிற மருந்து ஒண்டும் ஆகாது. சீனிக்கையோட பிள்ளைகள வாசிக்க விட்டா எறும்பு உள்ளுக்குக் குடியேறும், பல்லியும் சூடான இடம் எண்டு வரும், பல்லி எச்சம் சேர்க்கிட் போர்ட்டத் தின்னும். எல்லாத்துக்கும் மேல, தினமும் வாசிங்க. வாசிக்காமக் கிடக்கிற பியானோதான் திருத்த என்ட மேசைக்குக் கனக்க வருது.

மரப் பியானோ வெச்சிருந்த பழைய வீடுகள் எங்கட புளியந்தீவில இருந்தது. ஈரத்துக்குப் பலகை ஊதும், கம்பி துருப்புடிக்கும், சுருதி கலையும், சுருதி கூட்டக் கொழும்பில இருந்து ஆள் வர வேணும், வந்தாலும் அடுத்த மாரிக்குத் திரும்பக் கலையும். அந்தத் தொல்லை இதில இல்ல, சுருதி எண்டைக்கும் 440 ஹேர்ட்ஸ் எண்ட பொது அளவிலயே நிக்கும். அத நினைச்சா ரெண்டு ரப்பர் பட்டி துடைக்கிறது பெரிய விசயமா?

கேள்வி: அடப்டர் எரிஞ்சு போச்சு. டவுண்ல ஒரு கடையில "12 வோல்ட்தானே, எல்லாம் ஒண்டுதான்" எண்டு ஒண்டத் தந்தாங்க. குத்தினா லைட் பத்தல்ல. மத்த அடப்டரக் குத்தினா உர் எண்டு சத்தம். பியானோ போச்சா? கரண்ட் இல்லாத நேரம் வாசிக்க வழி இருக்கா? — களுவாஞ்சிகுடி

எல்லாம் ஒண்டுதான் எண்டு சொன்னவரக் கையெடுத்துக் கும்பிட வேணும். அடப்டர்ல மூணு விசயம் பாக்க வேணும். முதலாவது வோல்ட்: சின்ன மொடல் கனக்க 12, பெரிய சிலது 16, கூடக் குறைய ஒண்ணா. ரெண்டாவது அம்பியர்: பியானோ 1.5 கேட்டா அடப்டர்ல 1.5 அல்லது அதவிடக் கூட இருக்கலாம், கூட இருந்தாப் பயமில்ல, குறைஞ்சா அடப்டர் சுடும், சத்தத்தக் கூட்டேக்க பியானோ நிண்டு போகும். மூணாவது முனை: பின்னுட நடுவில பிளஸ்ஸா மைனஸா எண்டு ஒரு சின்ன வட்டப் படம் அடப்டர்லயும் பியானோவிட முதுகிலயும் இருக்கும், ரெண்டும் ஒண்டா இருக்க வேணும். முனை மாறினதாலதான் உங்களுக்கு லைட் பத்தாம விட்டிருக்கும். கனக்க மொடல்ல அதுக்கெண்டே உள்ளுக்கு ஒரு பாதுகாப்பு டயோட் வெச்சிருக்கான், அதால சரியான அடப்டர் போட்டா எழும்பி வர வாய்ப்பிருக்கு, முதல்ல அதச் செஞ்சு பாருங்க. உர் எண்டு சத்தம் வாறது மலிவான அடப்டருட குணம், பியானோவில பழுதில்ல.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு: 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்ப என்ட மாணவர் கனபேர் வைபை ரவுட்டருக்கு விக்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸ வாங்கிப் பூட்டி வாசிச்சவங்க. மேல சொன்ன மூணையும் பாத்து வாங்கினா அது வேலை செய்யும். மோட்டார்சைக்கிள் பேட்டரியில நேர கம்பி இழுத்துக் குடுக்காதீங்க, சார்ஜ் ஏறேக்க அது 14 வோல்ட் தாண்டும். புதுசா வாங்குறவங்க எண்டா, கேசியோவில சிடிபி-எஸ்110, பிஎக்ஸ்-எஸ்1100 மாதிரி மொடல் 6 டபிள் ஏ பேட்டரியில ஓடும், கோயில், சேர்ச், பாடசாலை மேடைக்குக் கொண்டு போறவங்களுக்கு நல்லது.

ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் இடி முழங்கத் தொடங்கின உடன சுவிச்ச நிப்பாட்டினாக் காணாது, பிளக்கக் கழட்டுங்க. லேப்டொப் வயர் பூட்டியிருந்தா அதையும்.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். நான் கர்நாடக சங்கீத ஆசிரியை, 5½ கட்டை. மகன் டிஜிட்டல் பியானோ வாங்கியிருக்கான். அதில எங்கட சங்கீதம் வாசிக்க ஏலுமா? பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் குடுக்கப் பாவிக்கலாமா? — காரைதீவு

காரைதீவில இருந்து இந்தக் கேள்வி வந்தது சந்தோசம் டீச்சர். 1892ல அந்த மண்ணில பிறந்த விபுலானந்த அடிகள் 22 அலகையும் (சுரங்களுக்கு இடையில இருக்கிற நுண்ணிய அளவு) கணக்குப் போட்டுப் பாத்து யாழ் நூல் எழுதி அது 1947ல வெளிவந்தது. நரம்புக்கொரு சுரம் எண்டு கட்டின கருவிய அவர் அந்தளவு ஆராய்ஞ்சிருக்கார், கீக்கொரு சுரம் எண்டு கட்டின கருவிய நாங்க தள்ளி வைக்கத் தேவையில்ல.

முதல்ல கட்டைக் கணக்கு, கட்டை எண்டா பாடுற சுருதிட அளவு. 1 கட்டை எண்டா மேற்கத்தியப் பேரில சி, 5 கட்டை ஜி, உங்கட 5½ ஜி ஷார்ப். நீங்க ஜி ஷார்ப்ல இருந்தே வாசிக்கலாம், ஆனா பிள்ளைகளுக்கு வெள்ளைக் கீ கறுப்புக் கீ குழம்பும். டிரான்ஸ்போஸ் எண்டு ஒரு வசதி இருக்கும், அத -4ல, அதாவது நாலு கீ கீழ, வெச்சிட்டா சி கீய அமத்த 5½ கட்டை ச கேக்கும். +8ம் அதேதான், ஆனா கனக்க மொடல்ல -6ல இருந்து +6 மட்டும்தான் போகும், அதால -4.

இப்ப சியில ச எண்டு வெச்சா, வெள்ளைக் கீய வரிசையா அமத்தினா சங்கராபரண ராகம். மாயாமாளவகௌளைக்கு ரியும் தவும் மட்டும் கறுப்பு, மிச்சம் எல்லாம் வெள்ளை, சரளி வரிசை அதிலயே தொடங்கலாம். இன்னொரு வேடிக்கை, பிள்ளைகளுக்கு நல்லாப் புடிக்கும்: கறுப்புக் கீயில மூணு சேர்ந்து நிக்கிற கூட்டத்தில முதலாவத ச எண்டு வெச்சு, கறுப்ப மட்டும் அமத்திக்கொண்டு போகச் சொல்லுங்க, ச ரி க ப த எண்டு மோகனம் வரும். ஒரு கீயும் பிழைக்காது. முதல் நாளே பிள்ளை ராகம் வாசிச்சிட்டன் எண்டு வீட்ட ஓடும்.

ஆனா அங்கால போகேக்க சுவர் ஒண்டு இருக்கு. பியானோவில ஒரு சுரத்தில இருந்து மத்ததுக்கு வழுக்கிப் போக ஒண்ணா. தோடியில காந்தாரம் அசையாட்டி தோடியே இல்ல, பியானோவில அது அசையாது. பக்கத்துக் கீயத் தொட்டுத் தொட்டு ஏமாத்தலாம், கேக்கிறவங்களுக்குத் தெரியும். மத்தது, பியானோ சுரங்கள் ஒக்டேவ, அதாவது கீழ் சவில இருந்து மேல் ச வரைக்கும், 12ஆ சமமாப் பங்கு போட்டது. அதால எங்கட அந்தர காந்தாரத்தவிட பியானோவில இருக்கிற க ஏறக்குறைய 14 சென்ட் கூட நிக்கும், ஒரு அரைச்சுரம் 100 சென்ட். தம்புராவோட சேர்த்து வாசிச்சா உங்கட காது சுளிக்கும். இதே மாதிரிக் காரணங்களச் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940ல ஆர்மோனியத்தையே தள்ளி வெச்சது.

அதோட பியானோச் சத்தம் அடிச்ச உடன தேயத் தொடங்கும், சுருதிக்கு ச ப புடிச்சு வெச்சிருக்க ஏலாது. அதுக்குச் சத்தத்த ஓகன் எண்டதுக்கு மாத்துங்க, கீய அமத்தி வெச்சிருக்கும் மட்டும் நிண்டு கேக்கும். என்ட அபிப்பிராயம் கேட்டா, சுரத்தானம் விளங்கப்படுத்த, ஜண்டை வரிசைக்குத் தாளத்தோட வாசிச்சுக் காட்ட பியானோ அருமை. கீர்த்தனைக்கு வந்தா மூடி வெச்சிட்டுப் பாடுங்க.

கேள்வி: நானா, பியானோவ லேப்டொப்போட பூட்டி ரெக்கோட் பண்ணப் பாத்தன். ஒரு கீ அமத்தினா ரெண்டு சத்தம், ஒண்டு பிந்தி வருது. கேபிள் பிழையா? — அக்கரைப்பற்று

கேபிள் சரிதான் தம்பி, பிரிண்டருக்குப் போடுற அதே கேபிள்தானே. முதல் கேக்கிறது பியானோ தானாப் போடுற சத்தம், பிந்தி வாறது லேப்டொப் போடுற சத்தம். பியானோவில லோக்கல் கன்ட்ரோல் எண்டு ஒண்டு இருக்கும், புத்தகத்தப் பாத்து அத ஓஃப் பண்ணினா கீ தகவல மட்டும் அனுப்பும், தான் சத்தம் போடாது. வேல முடிய மறக்காம ஓன் பண்ணுங்க, இல்லாட்டி அடுத்த நாள் வீட்டில ஆராவது வாசிக்க வந்து பியானோ செத்துப்போச்சு எண்டு அழுவாங்க. பிந்துறதுக்கு விண்டோஸ்தான் காரணம், ஏசியோ (ASIO) எண்ட சத்தத்துக்கான டிரைவர் போட்டு, அதில பஃபர் எண்டு இருக்கிற அளவ 128 அல்லது 256க்கு இறக்குங்க. லேப்டொப் கரகர எண்டா கொஞ்சம் கூட்டுங்க. அல்லது லோக்கல ஓன்லயே விட்டுட்டு லேப்டொப் சத்தத்த நிப்பாட்டி ரெக்கோட் பண்ணுங்க, புறகு கேட்டுத் திருத்தலாம், நான் அப்படித்தான் செய்யிற.

கேள்வி: டிஜிட்டல் பியானோவில பழகி லண்டன் சோதினை எழுத விடுவாங்களா? — சம்மாந்துறை

விடுவாங்க. அந்தச் சோதினைய நடத்துற லண்டன் நிறுவனமான ஏபிஆர்எஸ்எம் 2020ல இருந்து வீடியோ எடுத்து அனுப்புற பெர்ஃபோமன்ஸ் கிரேட் நடத்துது, 4 பாட்டு, வெட்டாம ஒரே எடுப்பில வாசிக்க வேணும், டிஜிட்டல் பியானோவிலயும் வாசிக்கலாம், ஆனா பாரமான கீயும் பெடலும் இருக்கிற சாமானா இருக்க வேணும். நிலையத்துக்குப் போய் வாசிக்கிறதெண்டா அங்க மரப் பியானோ வரலாம், அதுக்கு முதல் ரெண்டு மூணு தரமாவது எங்கயாவது ஒரு மரப் பியானோவில வாசிச்சுப் பழகுங்க. 6ம் கிரேட்டுக்குப் போக பொதுவா 5ம் கிரேட் தியரி பாஸ் வேணும், அத இப்பவே தொடங்குங்க, கடைசியில அதிலதான் எல்லாரும் தடக்கி நிக்கிற. எடுக்கிற வருசத்து சிலபஸ்ஸ அவங்கட தளத்தில பாத்துட்டுப் பாட்டத் தெரிவு செய்யுங்க, டீச்சர்ட பழைய புத்தகத்தில இருந்து இல்ல.

கேள்வி: எனக்கு 61 வயசு, கச்சேரியில (அரச செயலகத்தில) வேலை செஞ்சு ஓய்வெடுத்தனான். பேரப்புள்ளைக்கு வாங்கின பியானோ சும்மா கிடக்கு, அவன் கிரிக்கெட்டுக்குப் போயிட்டான். நான் பழகினா ஊர் சிரிக்குமா? விரல் மடியுமா? — திருக்கோவில்

ஊருக்குக் கேக்காம வாசிக்கத்தான் ஹெட்செட் இருக்கு ஐயா, அதப் பூட்டினா உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்.

விரல் மடியும். வேகம் வராது, அத விடுங்க, உங்களுக்கு வேகம் என்னத்துக்கு? மெதுவான பாட்டு எத்தனை இருக்கு. முதல்ல கதிரைய சரி பண்ணுங்க, அதுதான் உங்கட வயசில பெரிய விசயம். கீயில கை வெச்சா முழங்கை கீ மட்டத்தில இருக்க வேணும். சாப்பாட்டு மேசைக்கு மேல பியானோவ வெச்சு வாசிக்கிறவங்க கன பேர், மேசை உயரம், அதுக்கு மேல பியானோ, தோள் ரெண்டும் காதுக்கு ஏறி நிக்கும், ரெண்டு கிழமையில கழுத்து நோவு. கீ மேல்மட்டம் நிலத்தில இருந்து 72, 73 சென்டிமீட்டர் அளவில நிண்டா நல்லம்.

ஒரே இருப்பில ஒரு மணித்தியாலம் வேணாம், காலையில 15 நிமிசம், பின்னேரம் 15 நிமிசம். வலக்கையால உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டிட மெட்டத் தேடிப் பாருங்க, தேவாரமோ பழைய சினிமாவோ எதுவும் பரவாயில்ல, தேடிக் கண்டுபுடிக்கிற சுகம் பெரிசு. மறுகா இடக்கை. போன்ல கலர்க் கட்டி மேல இருந்து விழுற அப் எல்லாம் இருக்கு, முதல் மாசத்துக்கு விளையாட்டாப் பாக்கலாம், அதிலயே கிடந்தா கட்டி விழாட்டி வாசிக்கத் தெரியாம வந்திரும். ஒரு தொடக்கப் புத்தகம் வாங்குங்க. பேரன் ஒருநாள் கிரிக்கெட் முடிஞ்சு வந்து "அப்பப்பா தள்ளுங்க" எண்டு சொல்லுவான், அப்ப தள்ளிக் குடுங்க.

கேள்வி: பெடல மிதிச்சா சத்தம் நிக்குது, எடுத்தா நீளுது. தலைகீழா வேலை செய்யுது. — செங்கலடி

வேற கம்பனிப் பெடல் வாங்கியிருக்கீங்க. பெடலுக்கு அடியில சின்ன சுவிச்சு இருந்தா மாத்திப் போடுங்க. இல்லாட்டி பியானோவ நிப்பாட்டி, பெடலப் பூட்டி, கால எடுத்திட்டு ஓன் பண்ணுங்க, கனக்க மொடல் போடேக்கயே பெடலப் பாத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பெடல மிதிச்சபடி ஓன் பண்ணினாலும் இதே கூத்துத்தான்.

கேள்வி: நாங்க மேல்மாடியில வாடகைக்கு இருக்கம். ராவில ஹெட்செட் போட்டுத்தான் வாசிக்கிற, அப்படியும் கீழ் வீட்டு அக்கா "உங்கட சத்தத்தில நித்திரை இல்ல" எண்டு சண்டைக்கு வாறா. பொய் சொல்றா எண்டு நினைக்கிறன். — புளியந்தீவு

பொய் இல்ல, அவவுக்குப் பாட்டுக் கேக்காது, தட்டுறது கேக்கும். கீக்குள்ள இருக்கிற பாரம் போய் முட்டுற அதிர்வு ஸ்டாண்ட் கால் வழியா நிலத்துக்கு இறங்கி அவட கூரையில டொக் டொக் எண்டு விழும், பெடல மிதிக்கிறது இன்னும் மோசம். ஸ்டாண்டிட ஒவ்வொரு காலுக்கும் கீழ தடிச்ச ரப்பர்த் துண்டு வைங்க, பழைய டயர் வெட்டினதும் காணும், பெடலுக்குக் கீழ மடிச்ச பாய் ஒண்டு. பியானோவ சுவரோட முட்ட வைக்காம ஒரு சாண் தள்ளுங்க. ராவு பத்து மணிக்குப் புறகு வேகப் பாட்டு வேணாம். இதெல்லாம் செஞ்சிட்டு ஒரு நாள் அந்த அக்காவக் கூப்பிட்டு மேல இருத்தி, ஹெட்செட் இல்லாம அவ கேக்கிற பாட்டு ரெண்ட வாசிச்சுக் காட்டுங்க, ரப்பர விட அது கூட வேலை செய்யும்.